சும்மாடு நிற்காத தலை

சும்மாடு தலையில் நிற்கவில்லை. அன்றைக்குக் காலையில் இருதயம்மாளுக்கு வந்த முதல் தொல்லை அதுதான்.

சும்மாடு உங்களுக்குத் தெரியுமே கண்ணுங்களா, பழைய துணியை வளையமாகச் சுருட்டிக் கூடைக்கு அடியில் வைப்பது. இருபத்தாறு வருஷமாக ராயபுரம் தெருக்களில் மீன் விற்றவள் அவள். கொண்டைக்கு முன்னால் சும்மாடு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், ஓடினாலும் அசையாது. இப்போது கொண்டை இல்லை. கர்ப்பப்பையில் கேன்சர் என்று ஆபரேஷன் நடந்தது. அப்புறம் ஆறு ஊசி. இரண்டாவது ஊசிக்குள் முடியெல்லாம் தலையணையோடு போய்விட்டது. கடைசி ஊசி போட்டு ஒரு மாதமாகியும் தலை தேய்த்து வைத்த சொம்பு மாதிரிதான் இருந்தது.

முக்காடு போட்டு அதன்மேல் கூடையை வைத்துப் பார்த்தாள். வழுக்கியது. மகள் ஜெனி வாங்கித் தந்த பொய்முடி விக்கை மாட்டி வைத்தாள். கூடையும் விக்கும் சேர்ந்து மூக்குவரை இறங்கின.

"தோ பாரு, கரடி வருது," என்று சிரித்தார் புருஷன் கஸ்பார். சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "வேணாம்மே. ஈஸ்டர் ஆவட்டும், அப்பால போ."

"ஈஸ்டருக்கு அப்பால எல்லா வூட்லயும் கறி கொதிக்கும். இன்னிக்கு தவக்காலத்து மொத வெள்ளி. கறி ஆக்காத நாளு. இன்னிக்கு நான் போவலன்னா, பைக்குல மீனு வித்துகினு கீறானே வசீமு, தெரு அவனுக்குப் போயிடும். அப்புறம் நான் இன்னா, வூட்ல குந்திகினு சீக்குக்காரி மட்டும்தானா?"

கஸ்பார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன். சும்மாட்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, வெறுந்தலையில் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா சொன்னபடி அரைக் கூடைதான். அதையும் குனிந்து தூக்கக் கூடாது. தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

"யாருனா கேட்டா வேளாங்கண்ணில மொட்டைன்னு சொல்லு. நோவுன்னு சொன்னியோ, மீனைத் தொட மாட்டாங்க."

முதல் வீடு, வழக்கமாக வாங்கும் கரோலின் வீடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி வந்து கூடையை வாசற்படியில் இறக்கினாள்.

"அடிப்பாவி, வேளாங்கண்ணி மொட்டையா? எனக்கு மாதா எண்ணெய் எங்க?"

தட்டு நிறையச் சங்கரா மீன் எடுத்துக்கொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தவக்காலம் தொடங்கக் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசி இரண்டு நாள்தான் ஆகிறது. மாதா பேரில் பொய் சொல்ல இருதயம்மாளுக்கு வாய் வரவில்லை.

"மாதா எடுக்கல கண்ணு. ஊசி எடுத்துச்சு. கேன்சரு. வைத்தியம் முடிஞ்சிது."

கரோலின் தட்டைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மீன்காரிக்கு ஒரு முறை உண்டு. வாங்கியவள்தான் கூடையை மறுபடி தலையில் தூக்கிவிட வேண்டும். கரோலின் வராவிட்டால் கூடை அந்தப் படியிலேயே கிடக்கும். கஸ்பாருக்குப் போன் போடலாம். போட்டால் அதோடு வீடுதான், தெரு இல்லை. இருதயம்மாள் கால்களை நீட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அடிவயிற்றைப் பிடித்தபடி கூவினாள்:

"மீனேய்! சங்கரா, நெத்திலி!"

"இன்னாத்துக்குக் கத்துற? பூனை கீதுன்னு மீனை மூடி வெச்சிட்டு வரதுக்குள்ள!" கரோலின் ஈரக்கையோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஆறு மாசம் ஒரு வார்த்த சொன்னியா நீ? நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

"அப்பால திட்டு. சும்மாடு காஞ்சிட்ச்சி, நனைச்சிக் குடு."

நனைத்துப் பிழிந்து கரோலினே தலையில் வைத்தாள். வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"ஜில்லுனு கீதா?"

"கீது. தூக்கு."

தூக்கிவிட்டாள்.

அடுத்த வீட்டு வாசலில் புஷ்பவல்லி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, எந்தக் கோயில்ல மொட்டை?" என்றாள்.

இந்தத் தடவை கூடையை இறக்கும் முன்பே இருதயம்மாள் சொல்லிவிட்டாள்.

"கோயில் இல்லம்மா, கேன்சர் வைத்தியம். மீனு இன்னிக்குப் புடிச்சது. எறக்கட்டுமா, அடுத்த வூட்டுக்குப் போவட்டுமா?"