ஜன்னல் பக்கம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பக்தியில் பிறந்தது என்று எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். பொய்யாகவும் இருந்திருக்கும்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மரங்கள் பின்னோக்கி ஓட, மனம் முன்னோக்கி...’ அடித்துவிட்டேன். மரங்களை நான் பார்க்கவேயில்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தது அவள்.

2

அவளைப் புதுசு என்று கூப்பிடுவோம். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் சோதிப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்து மூன்று வருஷம், அவள் நான்கு மாதம். என் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அவள் வீட்டில் பட்டம் வாங்காதது பூனை மட்டும்தான்.

அன்று காலை பஸ்ஸில் கொஞ்சம் பெருமையடித்தேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஓரம் துப்பட்டாவை விரித்து மத்தியானத் தொழுகையான லுஹரை நான்கு ரக்அத்தும், நான்கு சுற்றும், குறையாமல் தொழுதிருக்கிறேன், பஸ் பத்து நிமிஷம்கூட நிற்காத நாளில் தொழுகையை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன் என்றேன்.

“ஏன்க்கா நாலு?” என்றாள். “பயணத்துல ரெண்டுதானே? சாயங்கால அஸரையும் கூடவே சேர்த்துத் தொழுதுடலாமே.”

மூன்று வருஷம். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அம்மாவுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

“நாம எங்கடி பயணம் போனோம், அதெல்லாம் தெரிஞ்சுக்க?” என்றாள் அம்மா.

(இங்கே ஒரு பத்தி கண்ணீர் இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கு வந்தது கோபம்.)

3

இந்த இடத்தில் புதுசைத் திமிர் பிடித்தவளாக எழுதினால் எனக்கு வசதி. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ஒரு வரைவில் உதட்டைச் சுழித்தாள், இன்னொன்றில் சிரித்தாள். உண்மையில் அவள் செய்தது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டியதுதான். அதுவும் எரிந்தது. கேட்டு வாங்காமலே எல்லாம் கிடைத்தவர்களுக்குத்தான் இப்படிக் கொடுக்க வரும்.

4

மத்தியானம் லாட்ஜ் அறை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். தொழுகைக்காக முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள்.

“அக்கா, என் போன் செத்துப்போச்சு. கிப்லா எந்தப் பக்கம்னு பாருங்களேன்.”

பார்த்தேன். என் போனில் முள், மக்கா இருக்கும் திசையென்று அலமாரியைக் காட்டியது.

“ஜன்னல் பக்கம்” என்றேன்.

(ஏன் சொன்னேன் என்பதற்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஒரு வரி போதும்: அவளுடைய ஒரு தொழுகையாவது கோணலாகப் போகட்டும் என்று நினைத்தேன்.)

பையிலிருந்து தொழுகை விரிப்பை எடுத்து ஜன்னலைப் பார்த்து விரித்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. தன்னுடையதை நகர்த்தி, பக்கத்தில் அதைப் போட்டாள்.

“உங்களுக்காக எடுத்துட்டு வந்தேன். வாங்க, சேர்ந்து தொழுவோம். ரெண்டே ரெண்டுதான்.”

5

முடிவு ஒன்று: “இன்னிக்கு எனக்குத் தொழுகை இல்ல” என்கிறேன். பெண்களுக்கு அந்த மாதவிலக்குப் பொய் எப்போதும் கைவசம் உண்டு. ஆனால் நான் ஏற்கெனவே ஒளு செய்திருந்தேன், அதை அவள் பார்த்தும் இருந்தாள்.

முடிவு இரண்டு: “புதுசு, திரும்பு” என்கிறேன். ஏன் என்று கேட்பாள். அதற்கப்புறம் அவள் முகம் எப்படி...

முடிவு மூன்று: பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துத் தொழுகிறேன். அவள் விசாரித்தாள், ஒருத்தி சொன்னதை நம்பினாள். அவள் தொழுகை கூடிவிடும், செல்லுபடியாகும். தெரிந்தே திரும்பி நின்ற என்னுடையது கூடாது. அந்த முடிவிலும் எனக்கு அவள்மேல்தான் பொறாமை.

6

கதை இங்கேயே நிற்கிறது. நான் விரிப்பின் ஓரத்தில். அவள் தொழுகையைத் தொடங்கக் கையை உயர்த்தாமல் எனக்காகக் காத்திருக்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளை மட்டும் கெட்டவளாக்கப் பார்க்காதீர்கள். நான் இரண்டு முறை முயன்றுவிட்டேன். வரவில்லை.