இடது முனை, வலது முனை

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் டிஎன்ஏ. அதன் இரண்டு முனைகளிலும் ஓர் இழை மட்டும் பன்னிரண்டு எழுத்து நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும். இடது முனையைப் படிப்பது என் வேலை, வலது முனை என் கணவருடையது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பது எங்கள் பேராசிரியரின் கணிப்பு. அதனால்தான் "வீட்டுல கூட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்று உத்தரவு. ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரிந்தால் போதும், ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று எதிர் எழுத்துகளை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம். அப்படி நடந்தால் எங்கள் இருவரின் உழைப்பும் குப்பைக்குத்தான்.

எழுத்துகள் கோடுகளாகப் பதிய வேண்டிய அவருடைய எக்ஸ்ரே ஃபிலிமில் மாதக்கணக்காக வெறும் கறைதான் விழுந்தது. நான் முடித்த அதே வாரம், "எனக்கும் வந்துடுச்சு" என்றார். அதெப்படி? நான் குளிக்கப் போகும்போதெல்லாம் முடிவு எழுதின நோட்டோடு என் பை நாற்காலியில்தானே கிடக்கிறது! கட்டின புருஷனை வேவு பார்க்கும் பிழைப்பு எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு ஃபோன் போட்டு, அவர் காதில் விழும்படி என் பன்னிரண்டு எழுத்தையும் சொன்னேன். நடுவில் ஜி வர வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஏ என்றேன். காப்பியடிக்கிறவர் என்றால் அதை நம்பி, எதிரே சி-யை டி என்று மாற்றி மாட்டிக்கொள்வார்.

"என்னடி இது, லாட்டரி நம்பரா?" என்றாள் அக்கா.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் தர வேண்டிய முடிவை அவர் தரவில்லை. பேராசிரியரிடம் அவகாசம் கேட்டுவிட்டு ஆய்வகத்திலேயே பழியாகக் கிடந்தார். சாப்பிடவும் வரவில்லை. ஆள் மாட்டிக்கொண்டார், என் பொய்க்கு ஏற்றபடி ஃபிலிம் தயாராகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பேராசிரியர் இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தார். பன்னிரண்டும் பொருந்தின. நான் பொய் சொன்ன இடத்துக்கு எதிரே என் கணவர் சரியாக சி என்றே எழுதியிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பஸ்ஸில் கேட்டேன். "எதுக்கு அவ்வளவு லேட் பண்ணீங்க?"

"அக்காகிட்ட நீ சொன்னது காதுல விழுந்துச்சு. ஒரு எழுத்து எனக்கு ஒத்து வரல. உனக்குத் தப்பு வராதே, அப்ப நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்னு முதல்லேர்ந்து மறுபடியும் செஞ்சேன். அப்பவும் சி-தான் வந்துச்சு. சரி, ஆனது ஆகட்டும்னு அதையே கொடுத்துட்டேன்." அவர் கண்கள் சிவந்திருந்தன. "ஃபோன்ல வாய் தவறிடுச்சா?"

"ஆமா" என்றேன்.

"நினைச்சேன்" என்று சிரித்துவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.