இரட்டையரில் மூத்தது

கடலோர ஸ்வகோப்மண்டின் ரயில் ஷெட்டில் அன்று காலை ஃபயர்மேன் கவாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இளைய என்ஜினின் அடுப்பை விறகும் எண்ணெய்த் துணியும் வைத்து எப்போதோ மூட்டிவிட்டான். மூத்த என்ஜினின் அடுப்பு இன்னும் குளிர்ந்து கிடந்தது. அக்காவைக் காணோம். டிரைவர் லோமாயர் வந்து சேர்ந்தால் காரியம் கெட்டது.

இரட்டையர் என்பது ஜெர்மானியர் வைத்த பேர். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் இரண்டு குட்டி என்ஜின்கள். நடுவில் நின்றுகொண்டு ஒரே ஃபயர்மேன் இரண்டு வாய்க்கும் கரி ஊட்ட வேண்டும். இந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒரு நாளும் ஷவல் பிடித்திருக்க மாட்டான். ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான, கவாரியின் ஹெரேரோ ஜனங்களுக்கு இரட்டைப் பிள்ளை என்றால் சாமி கொடுத்த வரம். அதனால் இரும்பாக இருந்தாலும் மூத்தது, இளையது என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து அக்கா இனாகுவி வந்தாள். போர்வைக்குள் இரும்புச் சட்டி, சட்டிக்குள் சாம்பல், சாம்பலுக்குள் அப்பாவின் நெருப்பு.

அந்த நெருப்படியில்தான் முன்னோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டின் மூத்த மகள் அதை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியரோடு நடந்த சண்டையில் ஊர் எரிந்தபோது நெருப்புக் கடையும் பழைய கோல்களும் சேர்ந்து எரிந்துபோயின. இனி அணைந்தால் மூட்ட வழியில்லை. மிஞ்சிய அந்தத் தணலைத்தான் இனாகுவி பாலைவனம் முழுக்கச் சுமந்தாள். கடலோரக் கைதி முகாமில் அப்பா செத்தார், அம்மா செத்தாள். நெருப்பைச் சாகவிடவில்லை. இப்போது வெள்ளைக்காரர் துணி வெளுக்கும் கொட்டகையில், வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

ரயில் ஏறிப் போகும் மேட்டு ஊரான கரிபிப்பில் கவாரியின் மனைவி உரியேதா கைக்குழந்தையோடு காத்திருந்தாள். குழந்தைக்கு இருமல். இன்னும் பேர் வைக்கவில்லை. நெருப்படியில் பேர் சொல்லாத பிள்ளையை முன்னோர்களுக்கு அடையாளம் தெரியாது. போன வருஷம் முதல் பிள்ளை அப்படித்தான் பேரில்லாமல் மண்ணுக்குள் போனது. இதையும் அப்படிப் புதைக்கச் சொன்னால் கூடவே தன்னையும் புதைத்துவிடு என்று உரியேதா சொல்லியிருந்தாள். குழந்தையைக் கடலோரத்துக்குக் கொண்டுவரவும் பயம். இந்தப் பனி நல்ல ஆளின் நெஞ்சையே அடைத்துவிடும். ஆகவே நெருப்பை மேலே கொண்டுபோவது என்று கவாரி முடிவு செய்தான்.

இனாகுவிக்கு அது பிடிக்கவேயில்லை.

"பிள்ளைதான்டா நெருப்புகிட்ட வரணும். நெருப்பு என்னிக்காவது பிள்ளையத் தேடிப் போயிருக்கா?"

"அப்பா காலத்துல மாடு இருந்துச்சு, மேய்க்க மலை இருந்துச்சு. இப்ப நம்மகிட்ட என்னக்கா இருக்கு?"

"உனக்கு வாய் இருக்கு. அத மட்டும் எவனும் பிடுங்கல."

சட்டியை வண்டியில் ஏற்ற முடியாது. பின்னால் எல்லாம் வைக்கோல் கட்டுகள். கார்டு பார்த்தால் சட்டியோடு அவளையும் தள்ளிவிடுவான். என்ஜினுக்குள் கண்ட சட்டியையும் வைக்க லோமாயர் விடமாட்டார். அதனால்தான் கவாரி மூத்ததைக் குளிரக் குளிர வைத்திருந்தான். அக்கா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே தணலை அதன் அடுப்பில் கவிழ்த்தாள். அவன் சுள்ளி வைத்தான், பிறகு கரி வைத்தான். புகை வந்ததும் அவள் கடைசி வண்டியில் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டு, மூத்ததன் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி மணலுக்குள் போனதும் கவாரிக்கு இன்னொரு தலைவலி வந்தது. லோமாயருக்குப் பசித்தால் ஷவலில் பன்றிக் கொழுப்பைப் போட்டு அடுப்புக்குள் நீட்டி வறுப்பார். புகையிலையைக் குதப்பி நெருப்பிலேயே துப்புவார். அப்பாவின் நெருப்பில் எச்சிலா? முன்னோர்கள் எழுந்து போய்விடமாட்டார்களா? மூத்ததில் கரி புழுதியாக இருக்கிறது, வறுத்தால் வாயில் நறநறக்கும் என்றான் கவாரி. இளையதில்தான் கங்கு நன்றாக இருக்கிறது என்று அதன் கதவைத் திறந்து வைத்தான். லோமாயர் நல்ல ரசிகர். வறுத்தார், தின்றார், துப்பினார், எல்லாம் இளையதில்தான். கவாரி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

ஆனாலும் நிம்மதி இல்லை. திரும்பத் திரும்ப அடுப்பைத் திறந்து பார்த்தான். என்ன அங்கே, பெண்டாட்டியா இருக்கிறாள் என்று லோமாயர் கேட்டார்.

கான் ஆற்று ஏற்றத்தில் இரண்டும் மூச்சு வாங்கின. ஏறி முடித்து வெல்விட்ச் நிலையத்தை நெருங்கும்போது, மூத்ததன் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழே போவதைக் கவாரி பார்த்தான். திருகினான், தட்டினான். பாலைவனக் கிணற்றின் உப்புத் தண்ணீர், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயை அடைத்துவிட்டது. பாய்லருக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. லோமாயர் ஒரு முறை பார்த்தார். வண்டியை நிலையத்தின் கிளைத் தண்டவாளத்துக்குத் தள்ளினார்.

"நெருப்பக் கொட்டு. பாய்லர் வெடிச்சா ரெண்டு பேரும் மேகத்துல போய்த்தான் உட்காரணும்."

கவாரி ஷவல் நிறையத் தணலை அள்ளினான். திரும்பினால் முதுகுக்குப் பின்னாலேயே இளையதன் அடுப்பு. அதில் போட்டுவிட்டால் நெருப்பு சாயங்காலம் கரிபிப் போய்விடும். குழந்தை பிழைக்குமோ பிழைக்காதோ, பேராவது கிடைக்கும். ஆனால் அந்த அடுப்பில் காலையிலிருந்து லோமாயர் துப்பியதெல்லாம் அவனே திருப்பிவிட்டதுதான். தன் புத்திசாலித்தனத்தைத் தானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. வெளியே அக்கா இறங்கி நின்றாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

ஷவலை மூத்ததன் அடுப்பிலேயே திரும்பக் கவிழ்த்தான். அடித்தட்டைத் திறந்தான். அப்பாவின் நெருப்பு முழுவதும் தண்டவாளங்களுக்கு நடுவே மணலில் விழுந்தது. இளையது தன் ஜோடியைக் கொஞ்ச தூரம் தள்ளிவைத்துவிட்டு, கழற்றிக்கொண்டு விலகியது.

இனாகுவி நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை இனி யார் எழுப்ப முடியும்?

அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று லோமாயர் கேட்டார். என்ஜினுக்குக் காவல், பித்தளைத் திருகுகளைத் திருடிக்கொண்டு போக ஆள் இருக்கிறது என்றான் கவாரி. லோமாயருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. ராத்திரி நரி வரும், கிழவிக்கு ரெண்டு கூடை கரி போட்டுவிட்டு வா என்று அவரே சொன்னார். கிழவி என்றது அக்காவின் காதில் விழுந்தது. அவனைவிட நான் சின்னவள் என்று முணுமுணுத்தபடி கரியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, பிள்ளை?"

"நான் காலையிலேயே சொன்னேனா இல்லையா? போய்க் கூட்டிட்டு வா. இங்க பனி இல்ல."

ஒற்றை என்ஜின், பாதி வண்டிகள். கரிபிப் போய்ச் சேரும்வரை கவாரி உட்காரவே இல்லை. உரியேதா வாசலிலேயே நின்றிருந்தாள், குழந்தை முதுகில் இருமிக்கொண்டிருந்தது. நெருப்பு எங்கே என்றாள். சொன்னான். வேலை பார்க்கும் வீட்டு எஜமானியிடம் அவள் லீவு கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது. திரும்பி வந்தால் அடி விழும், விழட்டும் என்று போர்வையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இறக்கத்தில் வண்டி பறந்தாலும் கவாரிக்கு ஊர்வதாகத்தான் பட்டது. காற்று அடித்திருக்குமோ, மணல் மூடியிருக்குமோ, அக்கா கண்ணயர்ந்திருப்பாளோ. கான் பக்கம் புழுதி எழும்புவதைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தான். வெல்விட்ச் வளைவு திரும்பியதும் முதலில் மூத்தது தெரிந்தது. அதற்கு எதிரே மெல்லிசாக ஒரு புகை. அக்கா முகமெல்லாம் கரியாக, கண் சிவந்து, போர்வையைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லோமாயர் காபி குடிக்க நிலையத்துக்குள் போனார். கரிபிப்பிலிருந்து வந்த மெக்கானிக் மூத்ததன் குழாயைப் பிரிக்கத் தொடங்கினான்.

உரியேதா குழந்தையை நெருப்பின் முன் நீட்டினாள். இனாகுவி தண்ணீரை வாய் நிறைய எடுத்துக் குழந்தையின் மேல் ஊதினாள். முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், முகாமில் செத்தவர்களையும் விடாமல் கூப்பிட்டாள். அப்பாவின் பேரையே வைத்தாள்: ஹெங்காரி.

அடுத்ததுதான் கவாரி பயந்தது. பேர் வைத்ததும் பிள்ளையின் நெற்றியை ஒரு கன்றின் நெற்றியோடு ஒட்டவைத்து, அந்தக் கன்றைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது முழுப் பேர். ஹெரேரோக்காரன் ஒரு கன்றுகூட வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. கன்று இல்லாமல் முடித்துவிடலாமா என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

இனாகுவி அவனைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூத்ததன் எதிரே போனாள். அப்பா வீட்டில் நெருப்புக்கு எதிரே கன்றுப்பட்டி இருந்த மாதிரியே, இது தலையைக் காட்டிக்கொண்டு நின்றது. இரும்பு இரவெல்லாம் குளிர்ந்திருந்தது. தன் போர்வை நுனியால் கரியைத் துடைத்துவிட்டு, பிள்ளையின் நெற்றியை அதன் நெற்றியில் வைத்தாள்.

"நம்ம மாட்டையெல்லாம் அவங்க எடுத்துக்கிட்டாங்க. இது அவங்க மாடு. இனிமே ஹெங்காரியோடது."

குழந்தை குளிரில் வீறிட்டது. முகாமில் அழாத கவாரி அன்று அழுதான்.

லோமாயர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழாய் சரியாகிவிட்டது, மூத்ததை மூட்டு என்றார். கவாரி அக்காவைப் பார்த்தான். அவள் நெருப்பில் பாதியைத் தன் சட்டிக்குள் ஒதுக்கிக்கொண்டு, மீதியை அவன் ஷவலில் போட்டாள்.

"பிள்ளையோட மாட்டுக்குத் தீனி வெச்சுட்டு வர்றேன்" என்று ஹெரேரோ பாஷையில் சொல்லிவிட்டு அவன் என்ஜினில் ஏறினான். லோமாயருக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் ஆகட்டும் என்றார்.