நீல அடையாளம் போட்ட ஆடுகள்

ஆகஸ்டில் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஹெதர் செடி பூத்து மேடு முழுக்க ஊதாவாகக் கிடக்கும் அந்த மூன்று வாரமும் வழியெல்லாம் காரை நிறுத்துவார்கள், வேலிக்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நடப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். என் அண்ணன் கிளிஃபர்ட் வருவது ஏப்ரலில். அப்போது எங்கள் மேடு அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருக்கும். புதுத் தளிர் வரட்டும் என்று குளிர்காலத்தில் செடியைக் கொளுத்திய இடம் கறுப்பு, கொளுத்தாத இடம் பழுப்பு. அதைப் பார்க்கத்தான் அவன் கடற்கரை ஊரிலிருந்து பஸ் பிடித்து, மேட்டுச் சாலையில் இறங்கி, ஒன்பது மைல் தனியாக நடந்து என் வீட்டுக்கு வருவான். காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் கோபம் வரும் அவனுக்கு. நெஞ்சு சரியில்லை என்று பண்ணையை விட்டுப் போனவன், மீனைப் புகைபோடும் கொட்டகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தனக்கு மூச்சு சரியாக வருகிறது என்பான்.

அவன் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் ஆடுகளை விற்கக் கூடாது. பண்ணை ஓரத்தோடு வேலி முடிந்துவிடும், மேட்டில் வேலி இல்லை. எந்த மந்தைக்கு எது எல்லை என்பது ஆடுகளுக்கே தெரியும். தாய் நடந்த இடத்தில் குட்டி நடக்கும், அது தன் குட்டிக்குக் காட்டும். பண்ணை கைமாறினாலும் மந்தை மண்ணோடுதான் இருக்கும். அதைப் பிரித்து விற்கிறவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் நல்லபடியாகப் பேச மாட்டார்கள்.

நான் விற்றேன். நான் சொல்லப்போகும் ஏப்ரலுக்கு முந்தைய அக்டோபரில், உண்ணிக் காய்ச்சலில் குட்டிகள் வரிசையாகச் செத்த வருடம், இடுப்பு வலியோடு நாலு நாள் மழையில் ஆடு தேடி அலைந்த பிறகு, ஆத்திரத்தில் வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரிக்கு அறுபதையும் ஏற்றி அனுப்பினேன். குளிர்காலம் முழுக்க மேடு வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜனவரியில் மேட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்கார் பண்ணை டிக்கனிடம் சினையாடு நாற்பது வாங்கினேன். அதே கறுப்பு முகம், அதே வளைந்த கொம்பு. அவற்றின் இடுப்பில் அப்பாவின் நீலச் சாய அடையாளத்தையும் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

ஆனால் ஆடுகளுக்குத் தெரியும். பிற்பகல் ஆனால் என் பண்ணைக் கதவடிக்கு வராது, பழைய வீட்டைப் பார்த்து நடக்கும். மூன்று மாதத்தில் நாலு தடவை திருப்பி ஓட்டி வந்தேன். ஒவ்வொரு தடவையும் டிக்கன் போன் செய்வான். “எட்னா, ஒன் மருமகளுங்க பொறந்த வீட்டுக்கு வந்துட்டாளுங்க. கூட்டிட்டுப் போறியா, இல்ல நானே சமாதானம் பேசி அனுப்பட்டுமா?” என்பான். சிரிப்பேன். கிளிஃபர்டிடம் மட்டும் சொல்லவில்லை. கடிதத்தில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். வரட்டும், சாப்பிட வைத்து நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான் கோழை. அதை வேறு மாதிரி சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஏப்ரலில் அவன் வரவிருந்த சனிக்கிழமை காலையில் வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. கர்லூ பறவைகள் திரும்பி வந்து மேட்டில் கூவிக்கொண்டிருந்தன. இஞ்சிக் கேக் அடுப்பில் இருந்தது. ஒரு மணிக்குக் கடல் பக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறியது. இங்கே அது சொல்லிவிட்டு வராது. முற்றத்தில் நின்று பார்த்தால் கொட்டகை தெரியவில்லை.

அப்போதும் நான் பதறவில்லை. கிளிஃபர்ட் மேட்டில் பிறந்தவன். மூட்டத்தில் வழி தவறினால் எங்கள் ஆட்கள் பாதையைத் தேட மாட்டார்கள், ஆட்டைத் தேடுவார்கள். குட்டி போடும் காலம் வரைக்கும் மூன்று மணிக்குக் கதவடியில் தீவனம் போடுவோம். அந்த நேரத்துக்கு மந்தை தானாக வீட்டைப் பார்த்துத் திரும்பும். அதன் பின்னால் நடந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வந்து சேரலாம். அப்பா அப்படி வந்திருக்கிறார், நாங்களும் வந்திருக்கிறோம். வெளியூர்க்காரன் கல் நட்ட பாதையை விட்டு இறங்க மாட்டான். எங்கள் ஆள்தான் இறங்குவான்.

மூன்று மணிக்குத் தீவன மூட்டையோடு கதவடியில் நின்றேன். ஓர் ஆடும் வரவில்லை. மூட்டத்தைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் நீல அடையாளத்தைப் பார்த்திருப்பான். அப்பாவின் ஆடு என்று நம்பிப் பின்னால் போயிருப்பான். அவை போகிற வழியில் பச்சைப்பள்ளம் இருக்கிறது. மேலே பாசி பளிச்சென்று இருக்கும், கீழே ஆள் ஆழத்துக்குச் சேறு. ஓரமாக அடிவைக்கத் தெரிந்த ஆடு தாண்டிவிடும், மனிதனால் தாண்ட முடியாது.

ஓடிப்போய் மீட்புக் குழுவுக்குப் போன் செய்தேன், நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். தலைவர் நெவில், சந்தையூரில் பள்ளி ஆசிரியர், கிளிஃபர்டை நன்றாகத் தெரிந்தவர். வரைபடத்தை என் சமையலறை மேசையில் விரித்தார். “அவரு உங்க ஆட்டுப் பின்னாடி எறங்கி வருவாரு. அப்ப இந்தக் கதவுலேர்ந்து மேல தேடிக்கிட்டே போனா சரிதானே, எட்னா?” என்றார். சுற்றிலும் பதினோரு பேர் நின்றார்கள். அதில் பாதிப் பேரின் அப்பாக்கள் என் அப்பாவோடு ஆடு மேய்த்தவர்கள்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. வெட்கம். அந்தப் பதினோரு பேர் முன்னால் மந்தையை விற்றவள் என்று நிற்க மனசு வரவில்லை. அவர்கள் கிளம்பிப் போனார்கள். மூட்டத்துக்குள் அவர்களுடைய விசில் சத்தம் தவறான பக்கத்தில் ஏறிப்போவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தேகாலுக்கு டிக்கன் போன் செய்தான். இந்தத் தடவை மருமகள் பேச்சு எதுவும் இல்லை. “பன்னெண்டு ஆடு வந்துருக்கு எட்னா. வயிறு வரைக்கும் சேறு. மிச்சத்தக் காணோம். அங்க ஏதாச்சும் ஆச்சா?” என்றான். போனை வைத்தேனா என்று நினைவில்லை. கதவடிக்கு ஓடி, குழுவினர் ரேடியோவோடு நிறுத்திவிட்டுப் போயிருந்த பையனிடம், நெவிலைக் கூப்பிடு என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பாவின் மந்தையை விற்றுவிட்டேன், இது டிக்கனின் ஆடு, பச்சைப்பள்ளத்துக்குப் போங்கள். நெவில் சரி என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சாலை வழியாகச் சுற்றிப் போய், டிக்கனின் நிலத்திலிருந்து மேலே ஏறினோம். நாய்கள் முன்னால் போயின. மூட்டம் கொஞ்சம் விலகிய ஏழு மணி வெளிச்சத்தில் முதலில் ஆடுகள் தெரிந்தன. ஹெதர் நடுவே கூட்டமாக, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றை யாரோ திருப்பியிருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் கிளிஃபர்ட் கிடந்தான். மார்பு வரைக்கும் கறுப்புச் சேறு. பக்கத்தில் ஒரு சினையாடு, சேற்றிலிருந்து இழுத்துப் போட்டது, அவன் கோட்டைப் போர்த்தியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு நடுங்கவில்லை. குளிரில் விறைத்தவன் நடுங்காமல் இருப்பதுதான் மோசம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

போர்வையைச் சுற்றி ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நான் கூடவே நடந்தேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. கை கல்லாக இருந்தது. பாதி வழியில் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து, ஏன் தாமதித்தாய் என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் பேசினான்.

“தப்பாப் போவுதுங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு புள்ள. காத்து வலது கன்னத்துல அடிச்சுது, வீட்டுக்குன்னா இடது கன்னத்துல அடிக்கணும். நான் பேசாமத் திரும்பியிருக்கலாம். ஆனா நேராப் பள்ளத்தப் பாத்துப் போவுதுங்க. அப்பாவோட ஆடு. எப்படி விட்டுட்டு வர்றது?”

அந்த நிமிடம் வரைக்கும் ஆடு அவனை ஏமாற்றிக் கூட்டிப் போனது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வழி தெரிந்தும், அவற்றைக் காப்பாற்றத்தான் போயிருக்கிறான்.

“இருபத்தெட்டுதான் திருப்ப முடிஞ்சுது. மிச்சம் தாண்டிப் போயிருச்சு. முப்பத்திரெண்டு போச்சேன்னு படுத்துக் கெடந்தேன்” என்றான். கணக்கு அறுபதுக்குப் போட்டிருந்தான்.

நெவில் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் பிடித்திருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களும் காலைப் பார்த்து நடந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அத்தனை பேரிடமும் உண்மையைச் சொன்ன வாய் எனக்கு இருந்தது. இப்போது சொன்னால் அவன் எதற்காக அந்தச் சேற்றில் இறங்கினான் என்பதே இல்லாமல் போய்விடும்.

“எல்லாம் வந்துருச்சு” என்றேன். “மிச்சமும் சுத்திக்கிட்டுக் கதவுக்கு வந்துருச்சு.”

“எண்ணிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அறுபதும்?”

“அறுபதும் அண்ணே.”

தலையை ஒரு தடவை அசைத்தான். ஆம்புலன்ஸ் நின்ற சாலைக்கு இன்னும் அரை மைல் இருந்தது. அதற்குள் அவன் போய்விட்டான்.