மோவாய்

“கடிச்சிருக்கா, பாருங்க” என்று வகுப்பு மிஸ் கையை நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே பல் தடம். முன்பல் விழுந்த இடத்தின் இடைவெளிகூட அதில் இருந்தது. என் ஏழு வயது மகளின் பல்தான்.

தலைமையாசிரியை மேஜைமேல் ஒரு படிவத்தை நகர்த்தினார். கவனம் இல்லை, முரட்டுத்தனம் என்று இரண்டு கட்டங்களில் டிக். நான் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் கடைசி அறை. அங்கே பாடம் கிடையாது, களிமண் உருட்டலாம்.

“எதுக்குக் கடிச்சா?”

“போர்டுல எழுதினா சுவத்தப் பாக்குறா. மோவாயப் பிடிச்சு நேரா வைக்கிறேன், உடனே திருப்பிக்கிறா. நானும் மனுஷிதானே?”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ வைப்பீங்க?”

“பத்து, பதினஞ்சு. ஒரு மாசமா.”

எனக்குக் காது சுட்டது. பள்ளி திறந்த அன்றே இதே நாற்காலியில் உட்கார்ந்து விளக்கியிருந்தேன். தையல் மெஷின் பழுது பார்ப்பவள் நான். ஒரு விஷயத்தைப் பத்துத் தடவை சொல்ல அலுக்காது. மறுபடியும் சொன்னேன். அவள் கருவிழிகள் பக்கவாட்டில் ஓயாமல் ஆடுகின்றன. கண்ணாடி அதை நிறுத்தாது. உலகம் ஆடுவதாக அவளுக்குத் தோன்றாது, எழுத்துதான் கலங்கிப் போகும். ஆனால் முகத்தை இடப்பக்கம் திருப்பி, விழியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஆட்டம் அடங்கும். அதிரும் மெஷினில் எந்த வேகத்தில் ஊசி அமைதியாக ஓடும் என்று நான் கைவைத்துத் தேடுவேன். அவள் தன் கண்ணுக்கு அப்படி ஓர் இடத்தைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவள் சுவரைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் போர்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

“அதெல்லாம் சரிம்மா” என்றார் தலைமையாசிரியை. “மத்த பிள்ளைங்கல்லாம் நேராதானே பாக்குது?”

படிவத்தை எடுத்தேன். மிஸ்ஸின் முகத்துக்கு முன்னால் பிடித்து வேகமாக ஆட்டினேன்.

“படிங்க மிஸ்.”

கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடதுகையால் அவர் மோவாயைப் பிடித்து நேராக்கினேன்.

“நேரா பாத்துப் படிங்க.”

என் மணிக்கட்டில் பளாரென்று அடித்துத் தள்ளினார். நகம் கீறியது.

“ஒரு தடவதான் மிஸ் பிடிச்சேன்.”

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். வெளியே போய் உட்காரச் சொன்னார், மேலிடத்தைக் கூப்பிடுவாராம். கையெழுத்தில்லாத படிவம் என் கையிலேயே கசங்கியது.

வராந்தா பெஞ்சில் மகள் இருந்தாள். முகம் இடப்பக்கச் சுவரை நோக்கி, விழிகள் வலது ஓரத்தில், எதிர்ச்சுவர்ப் படங்களின் கீழே இருந்த பெயர்களை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தத்தில் வாய் நின்றது. இரண்டு கைகளாலும் தன் மோவாயைத் தானே பிடித்து, முகத்தை என் பக்கம் நேராக்கி வைத்துக்கொண்டாள். விழிகள் ஆடத் தொடங்கின.

“யாரு? மிஸ்ஸா?” என்றாள்.