பீடத்துக்கு வந்த ஆர்க்கிட்

செல்வதுரை அண்ணாச்சி நாசமாகப் போகவேண்டும் என்று ஈவாஞ்சலின் டீச்சர் ஜெபத்தில் கேட்கவில்லை. அந்தச் சின்ன வேலைக்குக் கர்த்தரைத் தொந்தரவு செய்வானேன், தானே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

வருஷாவருஷம் பங்குனியில் தன் பள்ளிப் பிள்ளைகளைப் பாபநாசத்துக்கு மேலே மலைப்பாதையில் கூட்டிப்போவாள். வழியெல்லாம் வெட்சியும் காட்டுமல்லியும் பூத்துக் கிடக்கும். கடைசி வளைவில் ஒரு நாவல் மரம். அதன் கவட்டில் காட்டு ஆர்க்கிட், வெள்ளையும் ரோஸுமாகச் சரஞ்சரமாகத் தொங்கும். உப்பளத்தையே பார்த்து வளர்ந்த தூத்துக்குடிப் பிள்ளைகள் அதன் கீழே வாயைப் பிளந்து நிற்பார்கள். போன வருஷம் பள்ளிக் கமிட்டி சார்பில் துணைக்கு வந்த அண்ணாச்சிக்கும் அந்த மரத்தைக் காட்டினாள்.

இந்த வருஷம் போனபோது மரம் மொட்டையாக நின்றது. ஆர்க்கிட்டைப் பட்டையோடு உரித்து எடுத்திருந்தார்கள். பிள்ளைகளில் ரெண்டு பேர் அழுதேவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் சந்தேகப்பட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். செடிகள் தூத்துக்குடி மில்லர்புரத்தில், அவர் வீட்டு மாடியில், பச்சை வலைக்கடியில் தொங்கின. கடற்காற்றில் முக்கால்வாசி கருகிவிட்டன. ஒன்று மட்டும் மொட்டு விட்டிருந்தது.

“பூ எங்கன பூத்தா என்ன டீச்சர், பாக்க ஆளு இருந்தாப் போதும்,” என்றார் அவர்.

புகார் கொடுத்தால் ஊட்டியில் வாங்கினேன் என்பார். அவர் வாயாலேயே உண்மை வரவேண்டும். கருகுவதற்குள் அந்த ஒரு செடியாவது மரத்துக்குத் திரும்பவேண்டும். ஈவாஞ்சலின் சிரித்தாள்.

“ஈஸ்டருக்குப் பீடத்துல வைங்க அண்ணாச்சி. எல்லாரும் கடைப்பூதான் வைக்காக. மலையில இருந்து நீங்களே கொண்டாந்ததுன்னு வாசிச்சா, சபையே திரும்பிப் பாக்கும்.”

பீடத்துக்குப் பூ கொடுப்பவர் பெயரை ஆராதனையில் அறிவிப்பது அந்தச் சபையின் வழக்கம். காணிக்கைப் பைக்கு மனசு வராதவர்கள்கூட அந்த ஒரு வரிக்காக ரோஜாவை அள்ளிக் கொட்டுவார்கள். அண்ணாச்சிக்கு அந்த ஆசை கொஞ்சம் கூடுதல்.

அவள் நேரே வீட்டுக்குப் போய், சித்தி மகன் டிக்சனைப் பண்டிகைக்கு அழைத்தாள். அவன் வன இலாகாவில் ரேஞ்சர். அந்த மலைப்பாதை அவன் சரகத்தில்தான் இருந்தது.

ஈஸ்டர் காலையில் ஆர்க்கிட் பீடத்தில் பூத்து நின்றது. தொட்டியைச் சுற்றி அண்ணாச்சி பெயர் எழுதிய பட்டு ரிப்பன். அண்ணாச்சி எழுதிக் கொடுத்த சீட்டைக் குருவானவர் வாசித்தார்: “இம்மலரைத் திரு. செல்வதுரை அவர்கள் பாபநாசம் மலைக் காட்டிலிருந்து தாமே எடுத்துவந்து வளர்த்திருக்கிறார்கள்.”

அண்ணாச்சி எழுந்து சபையைக் கும்பிட்டார். டிக்சன் பாட்டுப் புத்தகத்தை மூடினான். அடுத்த பாட்டை ஈவாஞ்சலின் பாடியதுபோல் ஜென்மத்தில் பாடியதில்லை.

வாசலில் டிக்சன் அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

“ரிசர்வ் காட்டுல எடுத்ததுன்னு நீங்களே சபையறியச் சொல்லிட்டீய. நாளைக்கு ரேஞ்ச் ஆபீஸுக்கு வரணும் அண்ணாச்சி. செடிய நான் கொண்டுபோறேன்.”

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் வந்து நின்ற ஈவாஞ்சலின் பக்கம் திரும்பினார். டீச்சர் என்ற மரியாதையெல்லாம் பறந்தது. “ஏளா, நீதான வைக்கச் சொன்ன?”

“ஆமா அண்ணாச்சி. பாக்க ஆளு இருந்தாப் போதும்னீயள்லா.”

அந்த வாரமே டிக்சனோடு மலையேறினாள். நாவல் மரக் கவட்டில் செடியை வைத்துக் கட்டக் கயிறு தேடினான் அவன். அவள் பையிலிருந்து அந்த ரிப்பனை எடுத்தாள். அண்ணாச்சி பெயர் உள்பக்கம் போய்ப் பட்டையோடு நசுங்கும்படி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாள்.