முதல் மீனை யார் தின்பது

கரையோரப் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் திறந்துவிட்டதை உலீதா பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள். குளிர்காலம் முழுக்க வாய் மூடிக் கிடந்த பெய்ப்சி ஏரி, வெங்காயப் பாத்திகளுக்கு அப்பால், நாணல்களுக்குள் சளப் சளப்பென்று நக்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து நின்றாள். கரையை ஒட்டி ஒரு படகு போகும் அகலத்துக்குத் தண்ணீர். அதற்கு அப்பால் வெள்ளை போய்க் கறுத்த பனிக்கட்டி, கண்ணுக்கு எட்டும் வரைக்கும். அதன் அடியில் எங்கோ அவள் புருஷன் யெஃபீம் இருந்தான்.

தவக்காலம் பாதி கழிந்திருந்தபோது போனவன். குளிர்கால வலைகளைப் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று தம்பி சவேலியோடு விடிகாலையில் கைச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினான். வசந்தத்தில் ஏரிமேல் போகிறவர்கள் இரவில் இறுகிய பனிக்கட்டி இளகுவதற்குள் திரும்பிவிடுவார்கள். சவேலி திரும்பிவிட்டான். யெஃபீமுக்குக் கடைசி வலை சிக்கிக்கொண்டது. அறுத்துவிட்டு வர மனமில்லாமல் வெயில் ஏறும் வரை குனிந்து கொத்திக்கொண்டிருந்தான். வசந்தத்துப் பனிக்கட்டி முழங்கை தடிமன் இருந்தாலும் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்திருக்கும். கட்டு அவிழ்த்த சுள்ளி மாதிரி. விரிசல் விட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை என்று சவேலி சொன்னான். வெங்காய மூட்டையைத் தரையில் வைத்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி நின்றது, தொப்பி கிடந்தது, ஆள் இல்லை.

கொக்கி போட்டுத் தேடினார்கள். பிறகு தேடுகிறவர்களையே பனிக்கட்டி தாங்காமல் போனது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி ஒருவரை வைத்திருக்கும்போது அந்த ஏரியின் மீனை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், வலையும் போட மாட்டார்கள். உடல் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் போனவருடைய வீட்டார் முதல் மீனைத் தின்ன வேண்டும். தின்றுவிட்டால், காத்திருந்தது போதும், ஏரி மறுபடியும் ஏரிதான் என்று அர்த்தம்.

உலீதா காத்திருந்தாள். பனிக்கட்டி உடைந்து போகட்டும், ஏரி அவனைக் கொடுக்கட்டும். அவளுக்கு அவனிடம் செய்ய ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. பெட்டியில் அவனுடைய அடக்கச் சட்டை இருந்தது. வெள்ளை லினன், நூலில் ஒரு முடிச்சுகூட விழாமல் தைத்தது. கல்யாணமான வருஷமே, ஊர் வழக்கப்படி, இருவருக்கும் சேர்த்துத் தைத்தாள். அவன் விளையாட்டாகப் போட்டுப் பார்த்து, "கை குட்டையா இருக்கே" என்றான். "அங்க போயும் வலை இழுக்கப் போறியாக்கும்?" என்று திட்டிவிட்டு, மறுநாளே கையை நீட்டித் தைத்து வைத்தாள். அந்தச் சட்டையைப் போட்டு மண்ணில் வைக்க வேண்டும். இதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

ஆனால் ஷூக்கா மீன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நாய்ப் பல்லும் வாத்து மூக்கும் கொண்ட அந்தப் பெரிய மீன், பனிக்கட்டி கரையை விட்டவுடன் முட்டையிட நாணலுக்குள் வரும். சில நாள்தான். பிறகு ஆழத்துக்குப் போய்விடும்.

சவேலியின் பெண்டாட்டி ஃபெதீனியா வேகவைத்த உருளைக்கிழங்கு நாலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் கேக்க வரல."

"கேக்க வராதவ எதுக்குடி அதைச் சொல்லிக்கிட்டே வர்ற?"

ஃபெதீனியா பெஞ்சில் உட்கார்ந்தாள். "வெங்காயம் வித்தாச்சு. மாவு அடிக்கு வந்தாச்சு. உருளைக்கிழங்கைத் தின்னு தின்னு என் புள்ளைங்க மூஞ்சியே உருளைக்கிழங்கு மாதிரி ஆயிடுச்சு. நேத்து சின்னது நாணல் பக்கம் போயி ஷூக்காவோட முதுகைப் பாத்துட்டு வந்து அழுவுது."

"அடிச்சியா?"

"அடிச்சேன். அப்புறம் நானும் அழுதேன்." தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். "மூத்தவரு எங்களுக்கும் சொந்தம்தானே அக்கா. அவரு கிடைக்கிற வரைக்கும் இருக்கத்தான் இருப்போம். கேக்க வரலன்னேனே."

அவள் போன பிறகு உலீதா உருளைக்கிழங்கைத் தொடவில்லை. ஏரிப்பக்கம் நடந்தாள். கவிழ்த்த படகுகளுக்கு இடையே தார் வாசனை வந்தது. சவேலி தார் பூசிக்கொண்டிருந்தான். கிழவர் கொந்த்ராத்தி மரக்கட்டையில் உட்கார்ந்து அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"நேத்தும் பூசுன, இன்னைக்கும் பூசுற. படகுக்குக் கல்யாணமாடா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது, பெரியப்பா."

"ஷூக்கா ஒண்ணு காலையில என்னைப் பாத்துச் சிரிச்சுது. சத்தியமா."

"அதுக்குப் பல்லு இருக்குது, சிரிக்குது. உமக்கு எங்க இருக்கு?"

கிழவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் அண்ணிகிட்ட நீ கேக்கலாம்டா. அந்த வீட்டுக்கு நீயும் ஆம்பளைதானே."

"கேக்க மாட்டேன். நான் திரும்பி வந்தேன், அவன் வரல. எந்த வாயால கேக்கறது?" தூரிகையைத் தாருக்குள் குத்தினான். "அண்ணி சொல்லாம நான் வலையைத் தொடமாட்டேன். என் புள்ளைங்க பசியில கிடந்தாலும் சரி."

உலீதா நாணலுக்கு இந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பார்க்காமல் திரும்பிவிட்டாள். யாராவது அவளைத் திட்டியிருந்தால், பதிலுக்குத் திட்டிவிட்டுப் பிடிவாதமாக இருந்திருப்பாள். யாரும் திட்டவில்லை.

மங்கள வார்த்தைத் திருநாள் நெருங்கியிருந்தது. தவக்காலத்தில் மீனுக்கு அனுமதியுள்ள நாள். எப்போதும் அன்றைக்கு எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் மீன் சாறு மணக்கும். முந்தின நாள் சாயங்காலம் உலீதா கொட்டகைக்குப் போய், யெஃபீமின் சிறிய வலையை எடுத்தாள். பூர்ச்ச மரத்துப் பட்டையில் செய்த மிதவைகளில் அவன் கத்தியால் கீறிய அடையாளம் இருந்தது. அவனுடைய நீண்ட பூட்ஸில் வைக்கோல் திணித்துப் போட்டுக்கொண்டாள். தொடை வரைக்கும் தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பைக் கடித்தது. ஒரு முனையை நாணல் தண்டில் கட்டி, மறு முனையைப் புதரில் கட்டினாள். வேலையை வரிசையாகச் செய்தால் நினைப்பு வராது என்று நம்பியிருந்தாள். வந்தது. இதே தண்ணீர், அதே ஏரி.

இருட்டுவதற்கு முன்பே மிதவைகள் அமுங்கின. இழுத்தாள். மூன்று மீன். ஒன்று கை நீளம் இருக்கும், வயிறு முட்டையால் புடைத்திருந்தது.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. ஃபெதீனியா வந்தாள், சவேலி வந்தான், கொந்த்ராத்தி கம்பை ஊன்றி வந்தார். உலீதா கவிழ்த்த படகின் முதுகில் பெரிய மீனை வைத்து, கத்தியை எடுத்தாள்.

"நான் அறுக்கறேன் அண்ணி," என்றான் சவேலி.

"வேணாம்."

ஷூக்கா எதையும் விழுங்கும். நின்றவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தார்கள், அவளும்தான். வயிற்றைக் கீறினாள். ஆரஞ்சு நிற முட்டைச் சரம் வழிந்தது. இரைப்பையைத் தனியாக எடுத்து, மெதுவாகப் பிளந்தாள். பாதி செரித்த மீன்குஞ்சு ஒன்று. வேறு எதுவும் இல்லை.

ஃபெதீனியா இரு விரல்களால் சிலுவை போட்டு மூச்சு விட்டாள். உலீதாவுக்கும் நிம்மதிதான். ஆனால் நிம்மதி மட்டும் அல்ல. ஒரு சட்டைப் பொத்தானாவது இருந்திருக்கலாமே என்று அவள் மனதுக்குள் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை அவள் பயந்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் பெரிய பானையோடு கரைக்கு வந்தாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்ட மீன் சாறு. ஊர் சுற்றி நின்றது. தலைப்பக்கத்துத் துண்டு ஒன்றை மரக் கரண்டியில் எடுத்தாள். ஏரியைப் பார்த்து நின்றாள். வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கொந்த்ராத்தி கிழவர் மட்டும், யாருக்கும் கேட்காத மாதிரி, "முள்ளு பாத்து, தாயி," என்றார்.

விழுங்கினாள்.

"உப்புக் கம்மி," என்றாள். "குடுடி புள்ளைங்களுக்கு."

ஃபெதீனியாவின் பிள்ளைகள் பானையைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னது அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டு அழுதது, அழுதுகொண்டே தின்றது. திருநாளில் வேலை கூடாது என்பதால் படகுகள் அன்று இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் விடியும்போது எல்லாப் படகும் தண்ணீரில் இருந்தது.

சவேலி துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உலீதா வந்து, வெள்ளைத் துணி மூட்டை ஒன்றை நீட்டினாள்.

"என்ன அண்ணி இது?"

"உங்க அண்ணன் சட்டை. உக்கார்ற பலகைக்கு அடியில வை."

அவன் கையை நீட்டவில்லை.

"உன் வலையில வந்தாலும் வரலாம் தம்பி. வந்தா அப்படியே கரைக்குக் கொண்டுவராத. ஊரே நிக்கும். இதைப் போட்டுவிட்டுக் கூட்டிட்டு வா."

"ஈரத்துல எப்படி அண்ணி மாட்டுறது?"

"கை தளர்வாத்தான் தச்சிருக்கேன். நீளமாவும் இருக்கும். மாட்டிடலாம்."

சவேலி வாங்கினான். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு படகைத் தள்ளினான்.

மேற்குக் காற்று அடித்தது. பனிக்கட்டி முழுவதும் கண்ணாடிச் சில்லுகள் உரசுவதுபோல் கிணுகிணுத்தபடி கிழக்குக் கரைக்கு ஒதுங்கியது. ஏரி திறந்தது, வலைகள் நிறைந்தன. வெங்காய நாற்றுக்குப் பாத்தி போட்டார்கள். தினமும் படகு திரும்பும் நேரத்துக்கு உலீதா கரைக்குப் போவாள். மீனைப் பார்க்க மாட்டாள். குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டு மூட்டையைத் தொடுவாள். காய்ந்திருக்கும். வீட்டுக்கு நடப்பாள்.

ஷூக்கா ஆழத்துக்குத் திரும்பிப் போன வாரத்தில் ஒரு நாள், மூட்டை ஈரமாக இருந்தது. அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மழை, அண்ணி," என்றான் சவேலி அவசரமாக. "நடு ஏரியில மழை பிடிச்சுக்கிச்சு. மழைதான். வேற ஒண்ணுமில்ல."

உலீதா மூட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சட்டையை உதறி, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டாள். நீண்ட கைகள் இரண்டும் தொங்கின. காய்ந்ததும் மடித்துக் கட்டினாள். விடிந்ததும் சவேலியின் படகுக்குக் கொண்டுபோய், பலகைக்கு அடியில், நனையாத பக்கமாகப் பார்த்து வைத்தாள்.